செட்டை நுனிக் காத்து: யாழ்ப்பாணக் களப்புப் பக்கம் பறவை பாத்த கதை

வெள்ளி, யாழ்ப்பாணம்

பொங்கல் முடிஞ்ச கையோட வவுனியாவில இருந்து வெளிக்கிட்டு வந்தாச்சு. இந்த முறை வந்ததே களப்புப் பக்கமெல்லாம் சுத்தி, மாரிக்கு வந்து நிக்கிற பறவையள் கூட்டமா எழும்பிப் பறக்கிறதை ஆறுதலாப் பாக்கத்தான். தண்ணிக்குள்ள நிக்கிறதைப் பாக்க நிறையப் பேர் போகினம், போட்டோ எடுக்கினம், ஆனா எழும்பினாப் பிறகு அதுகள் என்ன ஒழுங்கில போகுதுகள், எது முன்னுக்கு எது பின்னுக்கு, எவ்வளவு இடைவெளி, அதை நிண்டு பாக்கிற ஆக்கள் குறைவு, எனக்கு அதிலதான் சரியான விருப்பம்.

அக்கா குடும்பமும் டொரண்டோவில இருந்து வந்து நிக்கினம். அக்காவின்ர மகள் இரவு சாப்பிடேக்க சொன்னாள், தங்கட பள்ளிக்கூடத்துக்கு மேலால இலையுதிர் காலத்தில கனடா வாத்துக்கள் வி எழுத்து மாதிரி வரிசை கட்டிக் கத்திக்கொண்டு போகுமாம், ஏன் அப்பிடிப் போகுதுகள் எண்டு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லுகினமாம். அதுக்கு அத்தான் உடன போனை எடுத்து பேமிலி குறூப்பில வந்த ஒரு பார்வர்டை வாசிச்சார். எல்லாருக்கும் வந்திருக்கும் அது, வாத்துக்கள் சொல்லித்தாற தலைமைத்துவப் பாடம் எண்டு, சேந்து பறந்தா தனியப் பறக்கிறதை விட 71 வீதம் கூடத் தூரம் போகலாம், பின்னால வாறதுகள் முன்னால போறதை உற்சாகப்படுத்தத்தான் கத்துதுகள் எண்டெல்லாம் இருக்கும்.

எனக்கு உந்தப் பார்வர்ட் கன காலமா மனசுக்குள்ள குடையிற விஷயம். அந்த எழுபது சொச்சம் எங்க இருந்து வந்ததெண்டா, 1970 இல லிஸ்ஸமன், ஷொலன்பெர்கர் எண்ட ரெண்டு பேர் சயன்ஸ் சஞ்சிகையில ஒரு கட்டுரை போட்டவை, 25 பறவை சரியான இடைவெளியில சேந்து பறந்தா தனிப் பறவையை விட ஏறக்குறைய 70 வீதம் கூடத் தூரம் போகலாம் எண்டு. அது முழுக்கக் கணக்கு, பேப்பரில போட்ட காத்தியக்கவியல் கணக்கு, செட்டையைப் பிளேன் இறக்கை மாதிரி அசையாமல் வச்சுத்தான் கணக்குப் போட்டவை. ஒருத்தரும் வாத்தைப் பிடிச்சு அளந்து வந்த எண்ணிக்கை இல்ல. அந்தக் கணக்கு பெறுமதியானதுதான், அதுக்குப் பிறகு வந்த ஆராய்ச்சியளுக்கெல்லாம் அது வழி திறந்துவிட்டது, ஆனா பார்வர்டில அது அளந்து கண்ட உண்மையாப் போச்சு. அதே மாதிரித்தான் கத்துற கதையும், உற்சாகப்படுத்தத்தான் கத்துதுகள் எண்டதுக்கு ஆதாரம் கிடையாது, ஒண்டையொண்டு விட்டுப் பிரியாமல் போகத்தான் குரல் குடுக்குதுகள் எண்டு எடுக்கிறதுதான் பொருத்தம்.

சின்னவள் கேட்டாள், "மாமா, அப்ப இஞ்ச வாத்து வராதோ?" வழக்கமா வாறேல்ல பிள்ளை எண்டன். எங்களுக்குக் கிட்ட எண்டா கடலுக்கு அங்கால திருநெல்வேலியில கூந்தன்குளத்துக்கு பட்டைத்தலை வாத்துக்கள் வரும், மொங்கோலியா, திபெத் பக்கம் கூடு வைக்கிறதுகள், இமயமலையைக் கடந்து வாறதுகள். எங்கட பக்கம் அந்த ஒழுங்கைப் பாக்கிறதெண்டா பூநாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் இதுகளிலதான் பாக்கோணும். நாளைக்கு விடிய வெள்ளன எழும்பு எண்டு சொல்லிப்போட்டுப் படுத்தாச்சு.

சனி, பண்ணை, மண்டைதீவு, அராலி

இருட்டோட மோட்டச்சைக்கிளில பண்ணைப் பாலத்தால போனம். வாடைக் காத்து முகத்தில அடிக்குது, ரெண்டு பக்கமும் தண்ணி, கோட்டைப் பக்கம் லைட்டுகள் இன்னும் எரியுது. மண்டைதீவுச் சந்திக்குக் கிட்ட நிப்பாட்டிப்போட்டு ரோட்டோரம் குந்தி இருந்தம். முதல்ல வந்தது நீர்க்காகங்கள்தான், தண்ணியை முட்டுற மாதிரிப் பதிஞ்சு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு சரிவா ஒரு கோட்டில, கொஞ்சம் கலையும் திரும்பச் சேரும். காத்துக்கு எதிராப் போகேக்க பதிஞ்சு போறது எப்பவும் லாபம், தண்ணிக்குக் கிட்ட காத்தின்ர வேகம் குறைவு.

பேந்து நல்லா விடிஞ்சாப் பிறகு வெள்ளை அரிவாள் மூக்கன் கூட்டம் ஒண்டு நகரப் பக்கத்தில இருந்து தீவுப் பக்கம் போச்சு, கறுத்தத் தலை, வளைஞ்ச சொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு. சின்னவள் உடன சொன்னாள், இது வி இல்லையே மாமா, ஒரு பக்கம் நீட்டு மற்றப் பக்கம் ரெண்டே ரெண்டு எண்டு. எனக்குச் சரியான சந்தோசம், ஏனெண்டா கண்ணால பாக்கிற ஆள்தான் அப்பிடிச் சொல்லும், படத்தில பாக்கிற ஆளுக்குத்தான் ரெண்டு பக்கமும் அளவெடுத்தாப்போல இருக்கும். உண்மையில வாத்துக் கூட்டங்களும் அப்பிடித்தான், ஒரு கால் நீண்டும் ஒரு கால் கட்டையாயும், இல்லாட்டி ஒரே ஒரு சரிஞ்ச கோடாயும்தான் கனக்கக் காணலாம். ஒவ்வொரு பறவைக்கும் தேவை முன்னால போற ஒண்டின்ர ஏதாவது ஒரு செட்டை நுனி, அது இடப்பக்கமோ வலப்பக்கமோ எண்டது அவ்வளவு முக்கியமில்ல, அதால முழு வி வந்தாலும் வராட்டிலும் காரியம் நடக்கும்.

அராலித்துறைப் பக்கம் போய் ரெண்டு மணித்தியாலம் நிண்டம், பெரிசா ஒண்டும் எழும்பேல்ல. வழியில ஒரு கடையில பிளேன் ரீயும் வடையும். மத்தியானம் வெயில் ஏறினாப் பிறகு வீடு.

ஞாயிறு, புங்குடுதீவுப் பாதை

இண்டைக்குத்தான் விஷயம் நல்லா விளங்கின நாள், அதால நீட்டி எழுதுறன்.

வேலணை தாண்டி புங்குடுதீவுக்குப் போற கடல்பாதையில ரெண்டு பக்கமும் முழங்கால் தண்ணி, தூரத்தில சிறகு வலைத் தடியள் வரிசையா நிக்குது, ஒவ்வொரு தடியிலயும் ஒரு ஆலாவோ, செட்டையை விரிச்சுக் காயப் போட்டுக்கொண்டு ஒரு நீர்க்காகமோ இருக்கும். ஒரு ஐயா சின்ன வள்ளத்தைக் கரையில கட்டிப்போட்டு வலையில பாசி எடுத்துக்கொண்டு நிண்டவர். நாங்கள் பைனாகுலரோட நிக்கிறதைப் பாத்துப்போட்டு, "என்ன தம்பி, பூநாரை பாக்கவோ, உது இண்டைக்கு அங்கால போட்டுது" எண்டார். கதை குடுத்தம். அவருக்குப் பறவையள் காத்தோட எப்பிடிப் போகும் எண்டு நல்லாத் தெரியுது, வாடை பலத்தா எல்லாம் பதிஞ்சு போகும், காத்து விழுந்தா உயர எழும்பும் எண்டெல்லாம் சொன்னார்.

நான் கேட்டன், ஐயா உந்தத் துடுப்பை ஒருக்கா தண்ணிக்குள்ள வலிச்சுக் காட்டுவியளோ எண்டு. அவர் சிரிச்சுக்கொண்டே வள்ளத்தில ஏறி ஒரு வலி வலிச்சார். பாருங்கோ, துடுப்புப் பலகையின்ர விளிம்பால தண்ணி சுருண்டு சுருண்டு பின்னால ஒரு சுழி போகும், துடுப்பு எடுத்தாப் பிறகும் அந்தச் சுழி சுத்திக்கொண்டே கொஞ்சத் தூரம் போய்த்தான் அழியும். சின்னவள் தலையைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு நிண்டாள், அவர் திரும்பத் திரும்ப வலிச்சுக் காட்டினார், பொறுமையான மனுசன்.

செட்டையிலயும் இதுதான் நடக்குது, தண்ணிக்குப் பதிலாக் காத்து. பறக்கேக்க செட்டைக்குக் கீழ அமுக்கம் கூட, மேல அமுக்கம் குறைவு, அதாலதான் பறவை மேல நிக்குது. ஆனா செட்டை ஒரு இடத்தில முடியோணுமே, அந்த நுனியில கீழ இருக்கிற காத்து விளிம்பால சுத்தி மேல ஏறப் பாக்கும், பறவை முன்னுக்குப் போகப் போக அது ஒரு நீண்ட சுழியாப் பின்னால இழுபட்டுக்கொண்டு வரும், ரெண்டு செட்டைக்கும் ரெண்டு சுழி. இப்ப அந்தச் சுழி சுத்துற பக்கத்தைப் பாருங்கோ, நுனிக்கு வெளிப்பக்கம் காத்து மேல எழும்பும், உள்பக்கம், அதாவது பறவையின்ர உடம்புக்கு நேர பின்னால, காத்து கீழ இறங்கும். பின்னால வாற பறவை நேர பின்னால வந்தா அதைக் கீழ அமுக்கிற காத்துக்குள்ள மாட்டும், இன்னும் கஷ்டப்பட்டு அடிக்கோணும். கொஞ்சம் பக்கவாட்டில விலகி, தன்ர செட்டையை அந்த மேல எழும்புற காத்துக்குள்ள வச்சால் அந்தத் தூக்கு சும்மா கிடைக்கும். மூண்டாவது பறவை ரெண்டாவதுக்கு அப்பிடி, நாலாவது மூண்டாவதுக்கு அப்பிடி. மேலயிருந்து பாத்தா சரிஞ்ச கோடு தானா வந்திடும், ரெண்டு பக்கமும் சேந்தா வி.

ஆரும் முன்னுக்கு நிண்டு வரைஞ்சு குடுக்கிற வடிவம் இல்ல அது. இதைத்தான் நான் அத்தானுக்குச் சொல்லப் பாக்கிறது. வியீசெல்ஸ்பெர்கர் எண்ட ஜேர்மன்காரர் 1914 இலயே இந்த மேல எழும்புற காத்தை வச்சு வலசைப் பறவையளின்ர கோணவரிசைக்கு விளக்கம் சொல்லிப்போட்டார், பிளேன் வந்து பத்துப் பன்னிரண்டு வருசத்துக்குள்ள. அவர் சொன்னதை உயிரோட பறக்கிற பறவையில அளந்து காட்ட நூறு வருசம் போச்சு, அதை நாளைக்கு எழுதுறன்.

ஐயா வெளிக்கிடேக்க பிள்ளைக்கு ரெண்டு மூண்டு சங்குக் கோது பொறுக்கிக் குடுத்தார். காசு நீட்டினன், வாங்கேல்ல.

திங்கள், வீடு

விடியப்புறம் தொடங்கின மழை பின்னேரம் வரைக்கும் விடேல்ல, ஒரு இடமும் போகேல்ல. அம்மா பனங்கிழங்கு அவிச்சவ, எல்லாரும் விறாந்தையில இருந்து கிழங்கைக் கிழிச்சுத் தும்பெடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு கதை.

நேற்றுச் சொன்ன அளந்த கதை இதுதான். ஐரோப்பாவில வழுக்கைத்தலை அரிவாள் மூக்கன் எண்டு ஒரு இனம், எங்கட அரிவாள் மூக்கன்ர சொந்தம், கறுப்பு, காட்டில இருந்து ஏறக்குறைய அழிஞ்சு போன ஒண்டு. அதைத் திரும்பக் கொண்டுவர ஒஸ்ரியாவில குஞ்சிலயே மனுசர் கையால வளத்து, வளத்த ஆக்களே சின்ன மோட்டர்ப் பிளேனில முன்னால பறந்து இத்தாலிக்கு வழி காட்டிக் கூட்டிக்கொண்டு போனவை. வளத்தவையின்ர குரலுக்கு அதுகள் பின்னால வரும். ஸ்டீவன் போர்ச்சுகல் எண்ட ஆராய்ச்சியாளரும் கூட்டாளியளும் அந்தப் பறவையள் 14 இன்ர முதுகில சின்னக் கருவியளைப் பூட்டி, ஒவ்வொண்டும் எந்த நேரம் எங்க நிண்டது, எப்ப செட்டை அடிச்சது எண்டு எல்லாத்தையும் பதிஞ்சவை. 2014 இல நேச்சர் எண்ட அறிவியல் சஞ்சிகையில வந்தது.

வந்த முடிவைக் கேட்டா மெய்சிலிர்க்கும். அதுகள் அனேகமாக் கணக்குச் சொன்ன இடத்திலதான் நிண்டதுகள், முன்னால போறதுக்குச் சரிஞ்சு பின்பக்கமா, ஏறக்குறைய ஒரு மீற்றர் சொச்சம் தள்ளி. அது மட்டுமில்ல, செட்டை அடிக்கிற நேரத்தையும் சரிபாக்குதுகள். செட்டை மேல கீழ அடிக்கேக்க நுனி காத்துக்குள்ள ஒரு அலை மாதிரிப் பாதை விட்டுக்கொண்டு போகுமெல்லே, பின்னால வாறது தன்ர செட்டை நுனியும் அந்த அலைப் பாதையிலயே போற மாதிரி, அந்த இடைவெளிக்கு ஏத்த அளவு தாமதிச்சு அடிக்குது. இடைவெளி கூடினா தாமதமும் மாறும். சில வேளை ஒண்டு மற்றதுக்கு நேர பின்னால மாட்டுப்பட்டா அப்ப நேர்மாறா அடிக்குது, முன்னது மேல போகேக்க இது கீழ, கீழ அமுக்கிற காத்து தன்னைக் கனக்கத் தாக்காத மாதிரி. ஒரு பறவை இதையெல்லாம் எப்பிடி உணருது, செட்டை இறகின்ர வேரிலயோ, கண்ணாலயோ, நான் இதை எத்தினை தரம் நினைச்சாலும் ஆச்சரியம் குறையிறதேயில்ல. 1970 கணக்கில அசையாத செட்டை எண்டு வச்சவை, உண்மைப் பறவை அதைவிடக் கெட்டித்தனமான வேலை செய்யுது.

இன்னொண்டு, அந்த 14 உம் ஒரே வயசுக் குஞ்சுகள், சொல்லிக்குடுக்க வளந்த பறவை ஒண்டும் கூட இல்ல. முன்னால போனது ஒரு மோட்டர்ப் பிளேன். அதுகளா ஒண்டோட ஒண்டு பறந்து பறந்து பிடிச்சுக்கொண்டதுகள். வாத்து அப்பிடியில்ல, குஞ்சுகள் முதல் மாரிக்குத் தாய் தகப்பனோடதான் போகும், பாதையை அப்பிடித்தான் படிக்குதுகள், ஒரு வி வரிசைக்குள்ள குடும்பம் குடும்பமா இருக்கும்.

அம்மா எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, "அந்தப் பிளேனில போன பிள்ளையள் பாவம், பிறகு அதுகளை விட்டிட்டு வரவேணுமெல்லே" எண்டா.

செவ்வாய், வல்லை வெளி

மழை விட்டு வெளி முழுக்கத் தண்ணி பளபளக்குது. பருத்தித்துறை ரோட்டில வல்லைப் பாலத்துக்குக் கிட்ட நிண்டாக் காணும், ஒண்டும் தேடிப் போகத் தேவையில்ல. கூழைக்கடா வந்தது பத்து மணி போல. சூடு ஏறினாப் பிறகுதான் உதுகள் உயரம் போகும், மேல எழும்புற சூட்டுக் காத்தில வட்டமடிச்சு ஏறி, பேந்து வரிசை கட்டி இறங்கி வரும்.

வரிசையில வாறதைப் பைனாகுலரால பாக்கேக்க ஒரு வடிவு இருக்கு, முன்னால போறது நாலைஞ்சு தரம் அடிச்சுப்போட்டு செட்டையை விரிச்சபடி மிதக்கும், ரெண்டாவது ஒரு கணம் பிந்தி அடிக்கும், அதுவும் மிதக்கும், மூண்டாவது, நாலாவது, அந்த அடி வரிசையில ஒரு அலையாப் பின்னுக்குப் போய்ச் சேரும். அக்காவும் இண்டைக்கு வந்தவ, அவ இதைக் கண்டு வாயைத் திறந்தபடி நிண்டா, முப்பது வருசம் இந்த ரோட்டால போய் வந்தும் நான் இதைக் காணேல்லையே எண்டா.

கூழைக்கடாவை வச்சுச் செய்த ஆராய்ச்சி 2001 இல நேச்சரில வந்தது. செனகலில, வைமெர்ஸ்கிர்ஷ் எண்ட பிரெஞ்சுக்காரரின்ர குழு, பழக்கின வெள்ளைக் கூழைக்கடாக்களில இதயத் துடிப்பை அளந்தவை. தனியப் பறக்கிறதை விட வரிசையில பறக்கேக்க துடிப்பு 11 முதல் 14 வீதம் வரை குறைவு. மேல எழும்புற காத்து நேரடியாத் தூக்குறது ஒரு பக்கம், ஆனா வரிசைக்குள்ள அதுகள் கூட நேரம் அடிக்காமல் மிதக்கலாம் எண்டதுதான் பெரிய லாபம் எண்டு கண்டவை. 71 எங்க, 11 முதல் 14 எங்க, ஒண்டு கூடுற தூரம் மற்றது குறையிற துடிப்பு, ரெண்டையும் நேர ஒப்பிடேலாதுதான், ஆனா அளந்தது எவ்வளவு அடக்கமா இருக்கெண்டு பாருங்கோ. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போற பறவைக்கு அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம், உடம்பில சேத்து வச்ச கொழுப்பு முடியிறதுக்கு முன்னம் கரை சேருறதோ இல்லையோ எண்டதே அதிலதான் இருக்கும்.

தொண்டைமானாறு வரைக்கும் போய்ச் செல்வச்சந்நிதியில கும்பிட்டு, மத்தியானம் அங்கயே மடத்தில சாப்பிட்டு வந்தம்.

புதன், சரசாலை

குருவிக்காட்டுக்குப் போனம், கனகம்புளியடிப் பக்கத்தால. கண்டல் மரம் நிறைய, அதுக்குள்ள கொக்கு, நாரை எண்டு சத்தம் காதை அடைக்குது. சேத்து வெளியில உள்ளான் கூட்டம், நூறு நூறா எழும்பி ஒரே அடியாத் திரும்பும், வெள்ளை வயிறு ஒருக்காப் பளிச்செண்டும், அடுத்த கணம் மண்ணிறம். வரிசையும் இல்ல கோணமும் இல்ல.

அதுதான் கேள்வி, சேந்து பறக்கிறது லாபமெண்டா ஏன் எல்லாம் வி கட்டேல்ல? சின்னப் பறவையின்ர செட்டை கட்டை, அடிக்கிற வேகம் கூட, விட்டுப் போற சுழியும் சின்னன், கெதியா அழிஞ்சிடும், அதுக்குள்ள சரியான இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கிறது பெரும்பாடு. செட்டை நீண்ட கனமான பறவைக்குத்தான் அந்தச் சுழி பிடிபடும், வாத்து, நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் மாதிரி. உள்ளான் நெருங்கிப் பறக்கிறது வேற தேவைக்கு, பிராந்து வந்தா ஆயிரம் கண் பாக்கும், எதைப் பிடிக்கிறதெண்டு அதுக்கும் குழம்பும். அதுக்கு விலையும் குடுக்குதுகள். புறாக்களில 2011 இல அளந்தவை, அஷர்வுட் எண்டவரின்ர குழு, நெருக்கமான கூட்டத்துக்குள்ள பறக்கேக்க புறா தனியப் பறக்கிறதை விட வேகமா அடிக்க வேண்டி வருது, சக்தி கூடத்தான் செலவாகுது. அதால கூட்டமாப் போறதெல்லாம் சக்தி மிச்சம் பிடிக்கத்தான் எண்டு சொல்லேலாது. வி கட்டுற பறவைக்கும் சக்தி மட்டும்தான் காரணமெண்டு இல்ல, சரிவில நிக்கேக்க முன்னால போறது கண்ணில படும், முட்டுப்படாமல் போகலாம், எல்லாரும் பாதையில இருக்கினமோ எண்டு தெரியும். பறவைக்குக் கண் தலையின்ர பக்கத்திலயெல்லோ.

வியாழன், சுண்டிக்குளம்

இருட்டோட வான் பிடிச்சு வெளிக்கிட்டம், மருதங்கேணி கட்டைக்காடு பக்கத்தால கடற்கரை ஓரம். ரோட்டு சில இடத்தில மணல் மூடிக் கிடக்கு, ஆனா வடமராட்சி கிழக்கின்ர விடியல் பாக்கக் கிடைச்சா உந்தக் குலுக்கலெல்லாம் பெரிசாத் தெரியாது. சுண்டிக்குளம் 1938 இலயே பறவையள் சரணாலயமா அறிவிச்ச இடம், 2015 இல தேசியப் பூங்காவாக்கினவை. ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் களப்பு, நடுவில மணல் திட்டி.

பூநாரை முதல்ல ஒரு வெளிறின கோடு மாதிரித்தான் தெரிஞ்சுது, பைனாகுலரை வச்சாப் பிறகுதான் அது ஆயிரக்கணக்கான கால். நாங்கள் கிட்டப் போகேல்ல, போகவும் கூடாது, ஏனெண்டா ஆள் நெருங்கி எழுப்பிவிட்டா அதுகள் சேத்த சக்தி வீணாப் போகும், ட்ரோன் விடுறவை உதைத் தயவு செய்து யோசிக்கோணும். வான்கார அண்ணை சொன்னார், "பொறுங்கோ தம்பி, வெயில் ஏற அதுகளா இடம் மாறும்" எண்டு. அப்பிடியே நடந்தது. ஒரு ஓரத்தில சிலது தண்ணிக்கு மேலால ஓடத் தொடங்கிச்சு, பூநாரை நிண்ட இடத்தில இருந்து எழும்பாது, ஓடி ஓடித்தான் எழும்பும், ஓடேக்க செட்டைக்குள்ள இருக்கிற சிவப்பும் கறுப்பும் ஒரேயடியா விரிஞ்சுது. எழும்பின உடன ஒரே குழப்பம், கட்டியா ஒரு கூட்டம், சத்தம் வேற. சின்னவள் திடுக்கிட்டு, மாமா இது எங்கட வாத்துக் கத்துற அதே சத்தம் எண்டாள். உண்மைதான், பூநாரையின்ர குரலும் வாத்தின்ர குரலும் நல்லாக் கிட்ட.

பேந்து பாத்துக்கொண்டிருக்க அந்தக் கட்டி இழுபட்டு நீண்டுது, ஒரு கோடு, அதில இருந்து இன்னொரு கோடு கிளைச்சுது, கழுத்து முன்னுக்கு கால் பின்னுக்கு நீட்டி எல்லாம் ஒரே மட்டத்தில, எங்களுக்கு மேலால வரேக்க அழகான ஒரு வி, இடக்கால் வலக்காலை விட நீண்ட வி. முன்னால போனதையே நான் பாத்துக்கொண்டு நிண்டன். கொஞ்ச நேரத்தில அது பக்கவாட்டில வழுகி வரிசைக்குள்ள வந்திட்டுது, அடுத்தது முன்னுக்கு வந்திட்டுது, ஒரு தள்ளுமுள்ளும் இல்ல, வேகமும் குறையேல்ல.

இதையும் அந்த வழுக்கைத்தலை அரிவாள் மூக்கன் கூட்டத்தில பாத்தவை, 2015 இல வந்த ஆராய்ச்சி, ஃபோல்கல் எண்டவரின்ர குழு. ஒவ்வொரு பறவையும் சராசரியா 32 வீத நேரம் இன்னொண்டின்ர காத்தில பயனெடுத்துக்கொண்டு பறந்தது, எவ்வளவு நேரம் பின்னால நிண்டதோ அதுக்கு ஏத்த அளவு முன்னாலயும் போனது. அதிலயும் ரெண்டு ரெண்டு பேராப் பாத்தா, நீ எனக்கு முன்னால போன நேரமும் நான் உனக்கு முன்னால போன நேரமும் கிட்டத்தட்டச் சமன், அடிக்கடி இடம் மாறி மாறித்தான் அந்தச் சமன் வருது. அப்ப தலைவர் எண்டு ஒருத்தர் இல்லவே இல்ல அங்க. முன்னுக்குப் போறது பதவி இல்ல, சுமை, அந்தச் சுமையை எல்லாம் பங்கு போடுதுகள். பார்வர்டில எழுதினவருக்கு இதுதான் தெரிஞ்சிருக்கோணும், ஆர் முன்னுக்கு எண்டதில ஒண்டும் இல்ல, ஆர் ஆருக்கு எவ்வளவு நேரம் எண்டதிலதான் விஷயம் இருக்கு.

திரும்பி வரேக்க வானுக்குள்ள பட்டைத்தலை வாத்துக் கதை. இமயமலைக்கு மேலால எப்பிடிப் போகுது மாமா எண்டு கேட்டாள். கருவி பூட்டி அளந்ததில 7,290 மீற்றர் வரைக்கும் போயிருக்கு. அந்த உயரத்தில காத்து ஐதாப் போயிடும், மூச்சுக்கும் காணாது செட்டைக்குப் பிடியும் காணாது. அதின்ர ரத்தம் ஒட்சிசனை மற்ற வாத்தை விட இறுக்கிப் பிடிக்கும். அதோட ஒரேயடியா உயரம் ஏறி அங்கயே நிக்கிறேல்ல, மலை ஏற ஏறி, மலை இறங்க இறங்கி, நிலத்தை ஒட்டித்தான் போகுதுகள் எண்டு 2015 இல கண்டவை, உயரத்தில நிண்டு பிடிக்கிறதை விட இறங்கி ஏறுறது செலவு குறைவு.

வெள்ளி, பலாலி

அக்காவையளைச் சென்னைப் பிளேனுக்கு ஏத்தப் பலாலிக்குப் போனது. இஞ்ச இருந்து போறது சின்னப் பிளேன்தான், ஆனா சென்னையில இருந்து மாறி ஏறுற பெரிய பிளேனின்ர இறக்கை நுனி மேல வளைஞ்சிருக்கும், அதைப் பாத்து வையெண்டு பிள்ளைக்குச் சொல்லிவிட்டன், அந்த நுனிச் சுழியால போற நட்டத்தைக் குறைக்கத்தான் அந்த வளைவு. 2021 கார்த்திகையில பிளேன் செய்யிற எயார்பஸ் காரர் தங்கட ரெண்டு ஏ350 பிளேனை பிரான்சில துலூசில இருந்து மொன்றியல் வரைக்கும் வாத்து மாதிரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டு 3 கிலோமீற்றர் இடைவெளியில பறக்க விட்டுப் பாத்தவை, ஆறு தொன்னுக்கு மேல காபனீரொட்சைட்டு மிச்சம். அவள் ஐப்பசியில வாத்துப் போகேக்க ஸ்லோமோஷனில வீடியோ எடுத்து அனுப்புறன் எண்டு சொன்னவள், செட்டை அடி வரிசையில அலையாப் போகுதோ எண்டு பாக்க.

போக விரும்புற ஆக்களுக்கு: தை, மாசி நல்லம், தண்ணியும் இருக்கும் பறவையும் இருக்கும். விடியக் காலமை மண்டைதீவுச் சந்தி, பத்து மணிக்குப் பிறகு வல்லை வெளி, ஒரு முழு நாள் ஒதுக்கினாச் சுண்டிக்குளம். சூரியன் உங்களுக்குப் பின்னால இருக்கிற பக்கமா நிண்டு பாருங்கோ. சாதாரண பைனாகுலர் காணும். முழுக் கூட்டத்தையும் பாக்காமல் ரெண்டே ரெண்டு பறவையை, முன்னது ஒண்டு அதுக்கு அடுத்தது ஒண்டு, அந்தச் சோடியை மட்டும் விடாமல் பாருங்கோ, ரெண்டாவதின்ர செட்டை எப்ப மேல போகுதெண்டு. அடுத்தது மன்னார், வங்காலைப் பக்கம், மாசி நடுப்பகுதியில போறதா இருக்கிறன்.